வீட்டுத்தோட்டப் பூச்சிகளையும் பிற உயிர்களையும் உற்றுநோக்குதல்

வீட்டுத்தோட்ட உற்றுநோக்கல் என்பது வீட்டைச் சுற்றியுள்ள செடி கொடிகளிலும் மண்ணிலும் வாழும் பூச்சிகள், சிலந்திகள், ஓணான்கள், பறவைகள் முதலியவற்றைப் பிடிக்காமலும் கொல்லாமலும் பார்த்து, அடையாளம் கண்டு, குறித்து வைக்கும் பழக்கமாகும். இது மாணவர்களுக்கு உயிரியல் பாடத்தை நேரில் காட்டுகிறது. செடி வளர்ப்போருக்கு வேறொரு பயனும் உண்டு. எந்தப் பூச்சி செடியைத் தின்கிறது, எந்தப் பூச்சி அதைத் தின்னும் பூச்சியைத் தின்கிறது என்று தெரியாமல் மருந்து தெளித்தால், பெரும்பாலும் முதலில் அழிவது உதவி செய்யும் பூச்சியே.

ஆரம்பாக்கத்துச் சூழல்

ஆரம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையும் சென்னை–கூடூர் இரயில் பாதையும் இவ்வூர் வழியே செல்கின்றன. கிழக்கே பழவேற்காடு ஏரியும், தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையும் உள்ளன. ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. மழை தொடங்கியதும் செடிகள் துளிர்விடுவதால் பூச்சிகளின் எண்ணிக்கையும் உயர்கிறது. எனவே உற்றுநோக்கலைத் தொடங்க ஏற்ற காலம் இதுவே. தோட்டம் இல்லாதவர்கள் மொட்டை மாடியில் ஒரு தொட்டிச் செடியைக் கொண்டும் தொடங்கலாம்.

பூச்சியா, வேறு உயிரா?

வளர்ந்த பூச்சிக்கு ஆறு கால்களும், தலை, மார்பு, வயிறு என மூன்று உடற்பகுதிகளும் உண்டு. சிலந்திக்கும் தேளுக்கும் எட்டுக் கால்கள். எனவே அவை பூச்சிகள் அல்ல. மழைக்குப் பின் மண்ணில் ஊரும், சிவந்த பட்டு போன்ற தம்பலப்பூச்சியும் பெயரில்தான் பூச்சி. வளர்ந்த தம்பலப்பூச்சிக்கு எட்டுக் கால்கள் இருப்பதால் அது உண்ணி வகையைச் சேர்ந்தது. சங்க இலக்கியத்தில் இது 'மூதாய்' என்று குறிக்கப்படுகிறது.

கால்களை எண்ணுவதே அடையாளம் காண்பதன் முதற்படி. ஆனால் புழுப்பருவத்தில் இது போதாது. ஒரே பூச்சி புழுவாக இருக்கும்போது ஓர் உருவமும், வளர்ந்தபின் முற்றிலும் வேறோர் உருவமும் கொண்டிருக்கலாம்.

கறிவேப்பிலைப் புழு

இதற்கு எளிய சான்று கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் காணப்படும் புழுக்கள். இவை பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி ஆகிய வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களாகும். இளம்புழு பழுப்பும் வெள்ளையும் கலந்து பறவையின் எச்சம் போலத் தோன்றும். இதனால் பறவைகள் அதைக் கண்டுகொள்வதில்லை. வளர்ந்த புழு இலையின் பச்சை நிறத்தைப் பெறும். அதைச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற உறுப்பை வெளியே நீட்டி, காரமான வாடையைப் பரப்பும். இது கடிக்காது, கொட்டாது. பின்னர் குச்சியில் நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வெளிவர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும்.

சிறிய தொட்டிச் செடியில் நான்கைந்து புழுக்கள் இருந்தால் இலைகள் தீர்ந்துவிடக்கூடும். அப்போது சிலவற்றைக் கிளையோடு வேறொரு பெரிய கறிவேப்பிலை அல்லது எலுமிச்சை மரத்துக்கு மாற்றலாம். வளர்ந்த மரத்துக்கு இப்புழுக்களால் பெரிய இழப்பு இல்லை.

வேலியோரத்து எருக்கஞ்செடியில் மஞ்சள், கருப்பு, வெள்ளை வரிகளுடன் காணப்படுவது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கம்பாலின் நச்சு இதன் உடலில் தங்குவதால் பறவைகள் இதைத் தவிர்க்கின்றன. களை என்று எருக்கை முழுவதும் வெட்டிவிட்டால் அங்கு இவ்வண்ணத்துப்பூச்சி முட்டையிட இடமில்லாமல் போகும்.

நன்மை செய்யும் பூச்சிகள்

பொறிவண்டை அனைவரும் அறிவர். ஆனால் அதன் புழுவைப் பலர் அறியார். அது நீண்டு, கருமையாக, மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் புள்ளிகளுடன் குட்டி முதலையைப் போல ஊரும். அவரை, கத்தரிச் செடிகளில் மொய்க்கும் அசுவினியை வண்டும் தின்னும், புழுவும் தின்னும். மாவுப்பூச்சியைத் தின்னும் சில பொறிவண்டுகளின் புழுக்கள் வெண்ணிற மெழுகால் மூடப்பட்டு, மாவுப்பூச்சியைப் போலவே தோன்றும். இவற்றைத் தீமை செய்பவை என்று எண்ணி நசுக்குவது அடிக்கடி நடக்கும் தவறாகும். மாவுப்பூச்சி ஏறக்குறைய அசையாமல் இருக்கும். பொறிவண்டின் புழு வேகமாக நகரும். இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

பொறிவண்டுகளிலும் விதிவிலக்கு உண்டு. கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் எபிலாக்னா வண்டு இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் முதுகு பளபளப்பின்றி, நுண்மயிர்களுடன் மங்கலாக இருக்கும், புள்ளிகளும் அதிகம்.

தலைமுடி போன்ற மெல்லிய காம்பின் நுனியில் தனித்தனியாக நிற்கும் வெண்ணிற முட்டைகள் கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையவை. இதன் புழுவும் அசுவினியைத் தின்னும். தட்டான் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து உண்ணும். நீரில் வாழும் அதன் இளம்பருவம் கொசுப்புழுக்களை உண்ணும்.

பப்பாளி மாவுப்பூச்சி கற்பித்த பாடம்

சிறு பூச்சியை அறிந்துகொள்வதன் மதிப்பைத் தமிழ்நாடு அண்மைக் காலத்தில் கண்டது. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. அது பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி எனப் பல பயிர்களில் பரவியது. உடலை மூடிய மெழுகுப்பூச்சு காரணமாக மருந்துகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 2010-ஆம் ஆண்டு, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பெங்களூர்ப் பூச்சி ஆய்வு நிறுவனம் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே உள்ளிட்ட மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இவற்றைப் பெருக்கி உழவர்களுக்கு வழங்கியது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. வெளிவரும் புழு அதை உள்ளிருந்து தின்றுவிடுகிறது. சில மாதங்களில் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. குளவி விடப்பட்ட வயல்களில் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது என்று உழவர்களிடம் கூற வேண்டியிருந்தது. மருந்து குளவியையும் கொன்றுவிடும்.

தோட்டத்தின் பிற உயிர்கள்

ஓணான், அரணை, தேரை ஆகியவை பூச்சிகளை உண்டு வாழ்பவை. தையல்சிட்டு அகன்ற இலைகளின் ஓரங்களைப் பஞ்சு, சிலந்தி நூல் ஆகியவற்றால் இணைத்துக் கூடமைக்கும். தேன்சிட்டு செம்பருத்திப் பூவில் தேன் குடித்தாலும், குஞ்சுகளுக்குச் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையுமே ஊட்டும். செம்போத்து புதரோரம் நடந்து புழு, நத்தை, சிறு உயிர்களைத் தேடும். மருந்து தெளித்துப் பூச்சிகளை முற்றிலும் ஒழித்த தோட்டத்தில் இவ்வுயிர்களுக்கும் உணவு இராது.

உற்றுநோக்கும் முறை

1. ஒரே செடியைத் தேர்ந்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். வண்ணத்துப்பூச்சிகளுக்கு வெயில் ஏறத் தொடங்கும் காலை வேளை ஏற்றது.
2. இலையின் அடிப்புறத்தைப் பார்க்கத் தவறக் கூடாது. முட்டைகளும் அசுவினிகளும் அங்கேதான் மிகுதி.
3. நாள், நேரம், வானிலை, செடியின் பெயர், உயிரின் நிறம், கால்களின் எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் படம் வரைந்தால் போதும்.
4. இரவில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு அதன் முன் விளக்கு வைத்தால் விட்டில்பூச்சிகள் வந்து அமரும். பார்த்து முடித்தபின் விளக்கை அணைத்துவிட வேண்டும்.
5. எடுத்த ஒளிப்படங்களை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்களில் பதிவேற்றினால் பிறர் பெயர் கண்டறிய உதவுவர். 2015 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் மாணவர்கள் பங்கேற்கலாம்.

பாதுகாப்பு

மழைக்குப் பின் முருங்கை மரத்தின் அடிப்பகுதியில் கும்பலாகத் தங்கும் கம்பளிப்பூச்சிகளைத் தொடக் கூடாது. அவற்றின் முடி தோலில் பட்டால் கடும் அரிப்பு உண்டாகும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் சோப்பு நீரால் கழுவ வேண்டும். சில வண்டுகளை உடலில் வைத்து நசுக்கினால் கொப்புளம் எழும். கல், விறகு, ஓடு ஆகியவற்றின் அடியில் வெறுங்கையை விடக் கூடாது. பாம்பைக் கண்டால் விலகி நின்று பெரியவர்களிடம் கூற வேண்டும். கடித்துவிட்டால் தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செடியில் புழுவைக் கண்டவுடன் மருந்தைத் தேடாமல், அது யாருடைய புழு, எதைத் தின்கிறது என்று சில நாள் பார்ப்பது நல்லது. அசுவினி மிகுந்தால் நீரைப் பீய்ச்சி உதிர்க்கலாம். தேவைப்பட்டால் மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசலைப் பாதித்த கிளையில் மட்டும் தெளிக்கலாம். அதற்கு முன் அக்கிளையில் பொறிவண்டின் புழு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.