பச்சைத் தலைக் கல்: கோத்தகிரி மலைச்சாலையின் வரலாறும் அடையாளங்களும்

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி மலைமேல் ஏறுவதற்கு இரண்டு சாலைகள் உள்ளன. ஒன்று குன்னூர் வழியாகவும், மற்றொன்று கோத்தகிரி வழியாகவும் உதகமண்டலத்தைச் சேர்கின்றது. முன்னதன் ஓரத்தில் நிற்கும் கிலோமீட்டர்க் கற்களின் தலை மஞ்சள் நிறம். பின்னதன் கற்களின் தலை பச்சை நிறம். பிரயாணிகளில் பலர் இதனை அழகுக்காகத் தீட்டிய வர்ணமென்றே எண்ணிச் செல்கின்றனர். சாலை பழுதுற்றால் யாரிடம் சென்று முறையிட வேண்டும் என்பதை அவ்வர்ணமே தெரிவிக்கின்றது. கொழுந்து ஏற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கி நின்ற பின்பு இதனை விசாரிப்பதைவிட முன்னரே அறிந்திருப்பது கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்க்கு நலம் பயக்கும்.

கோத்தகிரிச் சாலை, 15-ம் எண் மாநில நெடுஞ்சாலையின் ஒரு பகுதியாகும். அந்நெடுஞ்சாலை உதகமண்டலத்திலிருந்து கோத்தகிரி, மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் வழியாக ஈரோடு செல்கின்றது. மேட்டுப்பாளையத்திற்கும் கோத்தகிரிக்கும் இடையே உள்ள மலைப்பகுதி ஏறக்குறைய 33 கிலோமீட்டர்.

இன்று இரண்டாவதாக மதிக்கப்படும் கோத்தகிரிப் பக்கமே ஒரு காலத்தில் மலைக்கு முதல் வாயிலாக இருந்தது. 1819-ம் வருஷத்தில் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலைமேல் ஏறி, கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டியில் தங்குமிடம் அமைத்துக்கொண்டார். அவ்விடத்திற்குச் செல்வதற்காகச் சமவெளியிலுள்ள சிறுமுகையிலிருந்து ஒரு பாதை வெட்டப்பட்டது. லெப்டினன்ட் மக்பெர்சன் என்பவரின் மேற்பார்வையில் நடந்த அவ்வேலை 1823-ல் நிறைவேறியது. இன்றைய சாலை அத்தடத்தின் மீதே செல்வதன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து நேரே கோத்தகிரிக்குப் பிற்காலத்தில் வேறாக அமைக்கப்பட்டது.

1830-களின் தொடக்கத்தில் குன்னூர்க் கணவாய்ப் பாதை திறக்கப்படவே, போக்குவரத்து அப்பக்கம் திரும்பியது. 1873-ல் மேட்டுப்பாளையம் வரையிலும், 1899-ல் குன்னூர் வரையிலும் ரயில் வந்து சேர்ந்தது. அதன்பின் கோத்தகிரிப் பக்கம் தோட்டங்களுக்கும் படுகர் ஊர்களுக்கும் உரிய வழியாகவே பெரும்பாலும் எஞ்சியது.

நாடெங்குமுள்ள சாலைகளைத் தரம் பிரிக்கும் ஏற்பாடு 1943-ல் நாகபுரியில் கூடிய தலைமை என்ஜினீயர்களின் மாநாட்டில் வகுக்கப்பட்டது. தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, ஜில்லாச் சாலை, கிராமச் சாலை என்பன அப்பிரிவுகள். சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைகளுக்கெனத் தனி இலாகா 1946-ல் ஏற்பட்டது. மாகாண நெடுஞ்சாலை என்பதே பின்னர் மாநில நெடுஞ்சாலை எனப் பெயர் பெற்றது.

இந்தத் தரத்தைத்தான் கல்லின் தலை காட்டுகின்றது. மஞ்சள் தேசிய நெடுஞ்சாலைக்கு உரியது. அதன் செலவு மத்திய சர்க்காரைச் சார்ந்தது. பச்சை மாநில நெடுஞ்சாலைக்கு உரியது. ஜில்லாச் சாலைக் கற்களில் கருப்போ நீலமோ காணப்படும். 2000-ம் வருஷத்தில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின்படி அமைந்தவற்றிற்கு ஆரஞ்சு வர்ணம். எண் மாறினும் வர்ணம் மாறாதிருத்தல் உண்டு. குன்னூர்ச் சாலை முன்பு 67-ம் எண் தேசிய நெடுஞ்சாலையாக இருந்து, இப்போது 181-ம் எண்ணைப் பெற்றுள்ளது. கல்லின் தலை முன்போலவே மஞ்சள்தான்.

எழுத்தறியாதவனுக்கும் வழி சொல்லவேண்டும் என்னும் கருத்து இக்காலத்தில் தோன்றியதன்று. தருமபுரிப் பக்கத்தில் அதியமான் பெருவழியில் நின்ற பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல் ஒன்றில், நாவற்றாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று எழுத்திலும் எண்ணிலும் பொறித்ததோடு, குழிகளும் தோண்டி வைத்திருக்கின்றனர். பெரிய குழி ஒவ்வொன்றும் பத்து. சிறு குழி ஒவ்வொன்றும் ஒன்று. இருளில் வரும் வண்டிக்காரனும் கையால் தடவி எண்ணிக்கொள்ளலாம். தமிழில் வழிகாட்டி மரத்திற்குக் கைகாட்டி என்று பெயர். நீலகிரியிலேயே அப்பெயரால் வழங்கும் இடமும் உண்டு.

கோத்தகிரிச் சாலையைப் பற்றிச் சங்கங்கள் கவலை கொள்வதற்குத் தக்க காரணம் இருக்கின்றது. இம்மலையில் சிறு தேயிலை விவசாயிகள் பலர். அவர்களுடைய கூட்டுறவுத் தொழிற்சாலைகளில் முதலாவது 1962-ல் குந்தாவில் தொடங்கப்பட்டது. பறித்த கொழுந்து சாக்கில் அடைபட்டுக் கிடந்தால் உள்ளே சூடேறிச் சிவந்துபோகும். சிவந்த கொழுந்திலிருந்து நல்ல தூள் எடுக்க இயலாது. தூளின் விலை குறைந்தால் அங்கத்தினரின் கொழுந்துக்குக் கிடைக்கும் தொகையும் குறையும். ஆதலின் மண் சரிந்து சாலை அடைபடும் ஒவ்வொரு நாளும் அவர்கள் கணக்கில் நஷ்டமாகவே ஏறுகின்றது. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியெங்கும் நிலச்சரிவு நேர்ந்து உயிர்ச்சேதமும் உண்டாயிற்று.

அண்மை வருஷங்களின் கோடைக் காலத்தில் உதகைக்குச் செல்லும் வண்டிகள் குன்னூர் வழியாக ஏறவும், கோத்தகிரி வழியாக இறங்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. இவ்வேற்பாட்டினால் இச்சாலையின் சுமை மிகுந்தது. பழக்கமில்லாத ஓட்டுநர்கள் இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி வருவதனால் அது சூடேறி வலுவிழந்துவிடும். தாழ்ந்த கியரில் இறங்குவதே முறை. சிவப்பு விளிம்புள்ள முக்கோணப் பலகை முன்னே வரும் அபாயத்தை அறிவிப்பது. கொண்டை ஊசி வளைவு, கல் உருளுமிடம், செங்குத்தான இறக்கம் ஆகிய மூன்றும் இச்சாலைக்கு முக்கியமானவை. சிவப்பு வட்டம் கட்டளையாகும், மீறினால் குற்றம். வழி குறுகிய இடத்தில் இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு இடங்கொடுக்க வேண்டும் என்பது விதி. சுற்றுலா வண்டிகளில் வருவோர் இதனை மதிப்பது அரிது.

பச்சைத் தலைக் கல்லுள்ள சாலையில் பழுது கண்டால் மாநில நெடுஞ்சாலை இலாகாவின் உதவிக் கோட்டப் பொறியாளருக்கு மனுச் செய்தல் வேண்டும். ஊராட்சி ஒன்றியச் சாலையானால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் செல்லவேண்டும். இடம் மாறிச் சென்ற மனு இலாகாவிற்கு இலாகா சுற்றி, மழைக்காலம் கழிந்தபின் திரும்பி வரும். கிலோமீட்டர்க் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்ற எண்களோடு சிறு கற்கள் நடப்பட்டிருக்கும். “பெரிய வளைவுக்கு அப்பால், ஆலமரத்தண்டை” என்று எழுதுவதினும், சாலையின் எண்ணையும், கடந்த கிலோமீட்டர்க் கல்லையும், அடுத்த சிறு கல்லையும் சேர்த்து 12/4 என்பதுபோல் குறித்தால், என்ஜினீயர் அந்த இடத்திற்கே நேராக வந்து நிற்பார்.