பிரெஞ்சு விருந்துக்குத் தென்னமரம் தந்த யோசனை

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த தம்பி தங்கைகளுக்கு எங்கள் சுங்கை புரோங் இளைஞர்கள் ஆண்டுதோறும் ஒரு விருந்து வைப்போம். இம்முறை 'பிரெஞ்சு இரவு' என்று முடிவானது. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் மொழியாக நான் பிரெஞ்சு படிப்பதால் ஏற்பாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கையிருப்பு 400 வெள்ளி. வரப்போகிறவர்கள் 40 பேர்.

அட்டையில் ஈஃபிள் கோபுரம், நீலம் வெள்ளை சிவப்பில் பலூன், தலைக்குத் தொப்பி. பட்டியலை வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பாட்டி எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"பிரான்ஸ் நாட்டு விருந்து, பாட்டி."

"பிரெஞ்சுக்காரத் தொரையா? எங்க தாத்தா அந்தத் தொரைங்க தோட்டத்துலதான்யா காடு வெட்டுனாரு. தென்னமரம் தோட்டம். நான் அங்கதான் பொறந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றிரவே தேடத் தொடங்கினேன்.

ஆன்றி ஃபோக்கோனியே பிரான்சின் பார்பெசியூ என்ற சிற்றூரில் 1879இல் பிறந்தவர். 1905இல் மலாயா வந்தார். தோட்ட வேலையோடு மலாயும் தமிழும் கற்றார். பிறகு இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில் ரந்தாவ் பாஞ்சாங் என்னுமிடத்தில் ரப்பர் தோட்டம் அமைத்தார். 1911இல் சுமத்திராவிலிருந்து செம்பனை விதைகளைத் தருவித்து அழகுக்காக நட்டார். அந்தச் செம்பனையின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்த நான்கே கன்றுகளின் வழிவந்த இனம் அது.

1917இல் அதே செம்பனை தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராக நடப்பட்டது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். நாடு முழுவதும் பரவிய ஒரு பெரிய தொழிலின் முதல் தோட்டத்துக்குப் பெயர் தமிழில் இருக்கிறது!

ஃபோக்கோனியே தம் மலாயா வாழ்க்கையை வைத்து 'மலேசி' என்ற நாவலை எழுதினார். 1930இல் பிரான்சின் உயரிய கொன்கூர் இலக்கிய விருது அதற்குக் கிடைத்தது. மார்செல் புரூஸ்ட் 1919இல் பெற்ற அதே விருது.

இன்னொருவர் பியேர் பூல். 1930களில் மலாயாவில் பிரெஞ்சு ரப்பர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். 1952இல் 'குவாய் ஆற்றுப் பாலம்' நாவலை எழுதினார். 1957இல் திரைப்படமாகி உலகப் புகழ் பெற்றது. கதை சயாம் மரண ரயில் பாதையைப் பற்றியது. ஆனால், பிரிட்டிஷ் போர்க் கைதிகளைச் சுற்றியே நகர்கிறது. நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு, திரும்பி வராத பல்லாயிரக்கணக்கான தமிழர்களைப் படம் பார்த்தவர்கள் அறிந்துகொள்ளவில்லை.

மறுநாள் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். "அண்ணே, விருந்தா, வரலாற்று வகுப்பா?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். "தொரைமாருக்கு விழா எடுக்கணுமா?" என்று ஒரு தங்கை கேட்டாள். அது அதைவிட நியாயமான கேள்வி. புத்தகத்தில் துரைக்குப் பெயர் இருக்கிறது. காடு வெட்டிய என் பாட்டியின் தாத்தாவுக்கு இல்லை. நெடுநேரம் வாதாடினோம். கடைசியில் பாட்டும் சாப்பாடும் அப்படியே இருக்கட்டும், கோபுரம் வேண்டாம், அந்த இடத்தில் நம் பெரியவர்கள் உட்காரட்டும் என்று முடிவெடுத்தோம்.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவில்லை. 'கிரேப்' என்பது மாவு, முட்டை, பால் கலந்து மெல்லிய தோசைபோல ஊற்றுவது. எங்கள் அம்மாமார் ஒரே பார்வையில் கற்றுக்கொண்டார்கள். 'ரத்தத்தூய்' என்பது கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய் சேர்ந்த காய்கறிக் குழம்பு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் சரி, மலாய் நண்பர்களுக்கும் சரி, தடையில்லை. குடிக்கத் திராட்சைச் சாறு. விளையாட்டுக்கு 'பெத்தாங்'. தென் பிரான்சில் பிறந்த இந்த இரும்புக் குண்டு விளையாட்டைப் புதுச்சேரித் தமிழர்களும் ஆடுகிறார்கள். பக்கத்துப் பள்ளியில் குண்டுகளை இரவல் வாங்கினோம்.

பெரியவர்கள் ஆறு பேர் வந்தார்கள். ஒருவர் பால்வெட்டுக் கத்தியையும் காண்டா வாளியையும் கொண்டுவந்தார். பேசச் சொன்னபோது முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு விடிகாலைப் பெரட்டு, மழை நாளில் போன கூலி, லயத்துத் திருவிழா என்று பேச்சு நிற்கவில்லை. கைப்பேசியோடு உட்கார்ந்திருந்த தம்பிகள் அதே கைப்பேசியில் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். வரலாற்று வகுப்பா என்று கேட்டவன்தான் கடைசிவரை பதிவு செய்தான்.

பாட்டி தம் தாத்தாவின் பெயரைச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் என் தலைமுறைக்கு அந்தப் பெயர் அன்றுவரை தெரியாது. வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினோம். மற்றவர்களும் அவரவர் கொள்ளுத் தாத்தா, பாட்டி பெயர்களை எழுதினார்கள். பலருக்குத் தெரியவில்லை, வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். இரவு முடிவதற்குள் சுவரில் 31 பெயர்கள்.

மாணவ நண்பர்களே, பிற நாட்டுப் பெயரில் விருந்து வைப்பதில் தவறில்லை. ஜப்பானோ கொரியாவோ எதுவானாலும், அந்த நாட்டுக்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு என்று முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தேட நூலகத்துக்குப் போவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் போங்கள். நூலகம் நாளையும் திறந்திருக்கும்.

பாட்டிக்கு 'மெர்சி' சொல்லக் கற்றுக்கொடுத்தேன். "நன்றின்னே சொல்லிட்டுப் போயேன்யா" என்றார்.