பலகையைப் படித்தால் போதுமே, கடைக்குள் ஏன் போக வேண்டும்?

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நிற்கிறீர்கள். அக்கா ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருக்கிறார்: "எந்தெந்தக் கடையில் 'முறுக்கு ஆர்டர் எடுக்கப்படும்' என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், பார்த்துக்கொண்டு வா."

ஒவ்வொரு கடைக்குள்ளும் நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தே தாரிக் வாங்கிக் குடித்துவிட்டு, "அண்ணே, முறுக்கு ஆர்டர் எடுப்பீங்களா?" என்று கேட்கலாம். நகைக்கடையிலும் பூக்கடையிலும்கூட இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கும். சாலையின் பாதியைத் தாண்டுவதற்குள் இருட்டிவிடும். புத்தியுள்ளவர் நடைபாதையிலேயே நடந்து, வாசலில் தொங்கும் பலகைகளை மட்டும் படித்துக்கொண்டு போவார்.

ஓர் இணையச் செயலி சர்வரில் உயிர் பெறும் முதல் சில நொடிகளில், கணினியும் இப்படித்தான் ஒரு சாலையில் பலகை தேடி நடக்கிறது. அது எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைப் பொறுத்துதான் நாம் காத்திருக்கும் நேரம் அமைகிறது.

கணினி அறிவியல் பாடம் எடுத்த மாணவர்கள் ஜாவா நிரல்களில் @ என்ற அடையாளத்தோடு தொடங்கும் சொற்களைப் பார்த்திருக்கலாம். இவற்றுக்கு 'அனோடேஷன்' என்று பெயர். தமிழில் குறிச்சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். நிரலின் ஒரு பகுதிமேல் ஒட்டப்படும் சீட்டு அது. சீட்டு தானாக எந்த வேலையும் செய்யாது. "இது இன்ன வகை" என்று பிறருக்குச் சொல்லும், அவ்வளவுதான்.

2004-இல் வெளிவந்த ஜாவா 5 பதிப்பில்தான் இந்தச் சீட்டுகள் மொழியோடு சேர்ந்தன. அதற்கு முன்பும், இணையச் செயலிகளைப் பொறுத்தவரை அதற்குப் பிறகும் சில ஆண்டுகள்வரை, ஒரு புதிய பக்கத்துக்கான நிரலை எழுதினால் அதன் பெயரை 'வெப்.எக்ஸ்.எம்.எல்' என்ற தனிக் கோப்பில் கையால் பதிவு செய்ய வேண்டும். மறந்தால் பக்கம் திறக்காது. கோப்போ நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகும். 2009 டிசம்பரில் வந்த 'சர்வ்லெட் 3.0' விதிமுறை இந்தத் தொல்லையைக் குறைத்தது. நிரலின் தலையில் @வெப்சர்வ்லெட் என்று ஒரு சீட்டு ஒட்டி, எந்த முகவரிக்கு அது பதில் சொல்லும் என்று எழுதிவிட்டால் போதும். சர்வரே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

நிரலருக்கு நிம்மதிதான். ஆனால், "சர்வரே தேடிக்கொள்ளும்" என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். எங்கே தேடும்?

ஓர் இணையச் செயலியில் நாம் எழுதியது கொஞ்சம், பிறர் எழுதியதை எடுத்துக்கொண்டது அதிகம். நாம் எழுதிய கிளாஸ்கள் 300 என்று வைத்துக்கொள்வோம். கூடவே வரும் நூறு லைப்ரரிகளில் 20,000 கிளாஸ்கள் இருக்கின்றன. சீட்டு ஒட்டப்பட்டவை மொத்தமே 60. அந்த அறுபதைப் பிடிக்க இருபதாயிரத்துச் சொச்சத்தையும் புரட்ட வேண்டும். ஒன்றுக்கு 0.2 மில்லிநொடி என்றாலே நான்கு நொடி ஓடிவிடும்.

நான்கு நொடி பெரிதா என்று கேட்கலாம். சாதாரண நாளில் பெரிதல்ல. தேர்வு முடிவு வெளியாகும் காலையை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே நிமிடத்தில் நுழைகிறார்கள். கூட்டத்தைச் சமாளிக்கச் செயலியின் புதுப் பிரதிகள் ஒவ்வொன்றாகக் கிளப்பப்படுகின்றன. கிளம்பும் ஒவ்வொரு பிரதியும் முதலில் இருபதாயிரம் பலகைகளைப் படித்துவிட்டுத்தான் முதல் ஆளுக்குப் பதில் சொல்லும் என்றால், வாசலில் நிற்பவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆகவே, எப்படித் தேடுவது என்பது முக்கியமாகிறது. மிக மோசமான வழி, எல்லாக் கிளாஸ்களையும் நினைவகத்தில் ஏற்றி, "உன்மேல் சீட்டு இருக்கிறதா?" என்று கேட்பது. இது கடைக்குள் போய் தே தாரிக் குடிக்கும் கதை. ஒரு கிளாஸை ஏற்றினால் அதன் தாய்க் கிளாஸையும் ஏற்ற வேண்டும். நினைவகம் நிரம்பும். ஒருபோதும் பயன்படாத கிளாஸ்களும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஏற்றாமலே படிக்க முடியுமா? முடியும். அதற்குக் கிளாஸ் கோப்பின் உள்ளமைப்பு தெரிய வேண்டும். ஜாவா நிரலைத் தொகுத்ததும் கிடைக்கும் ஒவ்வொரு கிளாஸ் கோப்பும் ஒரே நான்கு பைட்டுகளோடு தொடங்குகிறது. பதினாறடிமான எண்முறையில் 10 முதல் 15 வரையான மதிப்புகளை ஏ, பி, சி, டி, இ, எஃப் என்ற ஆங்கில எழுத்துகளால் எழுதுவார்கள் அல்லவா? அந்த முறையில் இந்த நான்கு பைட்டுகளை எழுதினால் 'கஃபே பேப்' என்று படிக்கலாம். நம் பத்தடிமான முறையில் அது 3405691582. ஜாவாவை உருவாக்கியவர்களின் குறும்பு இது. காப்பிக்கடை ஞாபகம் அவர்களை விடவே இல்லை போலும்!

அதை அடுத்துப் பதிப்பு எண். பிறகு, அந்தக் கிளாஸ் பயன்படுத்தும் எல்லாப் பெயர்களும் சொற்களும் ஒரே இடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒட்டிய சீட்டின் பெயரும் அங்கேதான் இருக்கும். எனவே கோப்பின் முன்பகுதியைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது. 'வெப்சர்வ்லெட்' என்ற பெயர் அந்த அடுக்கில் இல்லையென்றால், அந்தக் கிளாஸின்மேல் அந்தச் சீட்டு இல்லை. அடுத்த கோப்புக்குப் போய்விடலாம். 'ஏ.எஸ்.எம்' போன்ற கருவிகள் கிளாஸை நினைவகத்தில் ஏற்றாமல் பைட்டுகளை மட்டும் படிக்க உதவுகின்றன. பரவலாகப் பயன்படும் ஸ்பிரிங் கட்டமைப்பும் சீட்டு தேடும்போது இந்த உத்தியைத்தான் கையாள்கிறது.

அடுத்த உத்தி, தேடும் சாலையைச் சுருக்குவது. முறுக்கு தேடுகிறவர் நகைக்கடை வரிசையை விட்டுவிடலாமே! ஸ்பிரிங்கில், எந்தப் பேக்கேஜுக்குள் தேட வேண்டும் என்று நிரலரே சொல்லிவிடலாம். டாம்கேட் சர்வரின் அமைப்புக் கோப்பில், தேடாமல் தாண்டிப் போக வேண்டிய லைப்ரரிகளின் பட்டியல் ஒன்று உண்டு. என்னைக் கேட்டால், வேகத்தைவிடப் பாதுகாப்புக்குத்தான் இது அதிகம் தேவை. சர்வ்லெட் 3.0 விதிப்படி, நாம் சேர்த்துக்கொண்ட ஒரு லைப்ரரிக்குள் சீட்டு ஒட்டிய கிளாஸ் இருந்தால், அதுவும் நம் தளத்தில் தானாகவே ஒரு பக்கத்தைத் திறந்துகொள்ள முடியும். எங்கிருந்தோ வந்த சரக்கு நம் கடை வாசலில் தன் பலகையையும் மாட்டிக்கொள்வது போன்றது இது. எல்லா இடத்திலும் தேடுவது என்றால், எல்லாரையும் நம்புவது என்றும் பொருள்.

இதுவரை சொன்ன வழிகள் எல்லாவற்றிலும் ஒரு குறை இருக்கிறது. சர்வர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதே சாலையில் அதே நடையை நடக்கிறது. நேற்று மாட்டியிருந்த பலகைகள்தான் இன்றும் இருக்கின்றன. பிறகு ஏன் மறுபடி நடக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நம் பழைய தொகுப்பாளர் ஒருவர் விடை வைத்திருக்கிறார். ஒரு புதிர்: அகநானூற்றின் 237-ஆம் பாடல் எந்தத் திணை? புத்தகத்தைத் திறக்காமலே சொல்லலாம், பாலை. 128? குறிஞ்சி. 310? நெய்தல்.

அகநானூற்றில் ஒற்றைப்படை எண் கொண்ட பாடல்கள் எல்லாம் பாலைத்திணை. 2, 8 ஆகிய எண்களில் முடிபவை குறிஞ்சி. 4-இல் முடிபவை முல்லை, 6-இல் முடிபவை மருதம். 10, 20 என்று பத்தின் மடங்காக வருபவை நெய்தல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் தலா 40, மொத்தம் 400. தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழான் மகன் உருத்திரசன்மன். புறநானூற்றில் இந்த ஏற்பாடு இல்லை. அங்கே பாடலுக்கு அடியில் திணையும் துறையும் சீட்டுப்போல எழுதப்பட்டிருக்கும். வஞ்சித்திணைப் பாடல்கள் எல்லாம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பாடலாகப் புரட்டித்தான் ஆக வேண்டும். அகநானூற்றிலோ தேடும் உழைப்பைத் தொகுத்தவரே ஒருமுறை பட்டுவிட்டார். படிப்பவர்கள் படவேண்டியதில்லை.

'ஜாண்டெக்ஸ்' என்ற கருவி செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். நிரலைத் தொகுக்கும்போதே எல்லாக் கிளாஸ்களையும் ஒருமுறை படித்து, எந்தச் சீட்டு எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று ஓர் அட்டவணை எழுதி, லைப்ரரிக்குள்ளேயே வைத்துவிடுகிறது. சர்வர் கிளம்பும்போது அட்டவணையைத் திறந்தால் போதும். 2019-இல் அறிமுகமான குவார்க்கஸ் கட்டமைப்பு இன்னும் ஒரு படி மேலே போய், தேடல் மட்டுமல்லாமல் அதைத் தொடர்ந்து வரும் ஏற்பாடுகளில் பெரும்பகுதியையும் தொகுக்கும் நேரத்திலேயே முடித்துவிடுகிறது.

அட்டவணையிலும் ஆபத்து உண்டு. அகநானூற்றில் நடுவே ஒரு பாடல் தொலைந்து, மற்றவற்றுக்கு வரிசையாகப் புது எண் போட்டுவிட்டால் என்ன ஆகும்? அதற்குப் பிந்திய பாடல்கள் எல்லாமே தவறான திணைக்குப் போய்ச் சேரும். நிரலிலும் அப்படித்தான். புதிதாக ஒரு கிளாஸ் எழுதி, சீட்டும் ஒட்டி, அட்டவணையைப் புதுப்பிக்க மறந்தால், சர்வர் பழைய அட்டவணையை அப்படியே நம்பும். பிழைச் செய்தி எதுவும் வராது, பக்கம் மட்டும் திறக்காது. நிரலில் தவறே இல்லாதபோது தவறு எங்கே என்று நிரலர் பாதி நாளைத் தொலைப்பார். அதனால்தான் அட்டவணை எழுதுவதை மனித ஞாபகத்துக்கு விடாமல், தொகுக்கும் கருவியின் கட்டாய வேலையாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

வீட்டிலோ பள்ளிக் கணினிக் கூடத்திலோ ஜாவா இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சிறிய நிரலில் @ஓவர்ரைட் சீட்டையும் @டெப்ரிகேட்டட் சீட்டையும் ஒட்டித் தொகுங்கள். கிடைக்கும் கிளாஸ் கோப்பைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் கருவியில் திறந்தால், முதல் நான்கு பைட்டுகளில் அந்தக் காப்பிக்கடைக் குறும்பு தெரியும். சற்றுக் கீழே டெப்ரிகேட்டட் என்ற பெயரும் கண்ணில் படும். ஓவர்ரைட்டைத் தேடினால் கிடைக்காது. அது தொகுக்கும் கருவிக்காக மட்டுமே எழுதப்பட்ட சீட்டு. தன் வேலை முடிந்ததும் தொகுக்கும் கருவி அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறது.