கொங்கு நாட்டுச் சிற்றூரில் நிலமும் நீருரிமையும்: வீரபாண்டிப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

வீரபாண்டி என்னும் பெயருடைய ஊர்கள் தமிழகத்திற் பல. தேனி மாவட்டத்து வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவாற் பெயர் பெற்றது. ஈண்டு நாம் கருதுவது, திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையை ஒட்டியுள்ள வீரபாண்டி ஆகும். நெடுங்காலம் வேளாண் சிற்றூராய் இருந்த இவ்வூர், பின்னலாடைத் தொழிலின் எல்லைக்குட்பட்டு, 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது.

கொங்குச் சிற்றூர்களின் குலம், கோயில், சடங்கு ஆகியன பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். பிரெண்டா பெக் என்பார் 1964 முதல் 1966 வரை காங்கயம் பகுதியில் தங்கி ஆராய்ந்து, 1972-இல் வெளியிட்ட நூல் இத்துறையில் குறிப்பிடத்தக்கது. ஆயினும், இவ்வூர்களில் உடைமை என்னும் சொல் எதனைக் குறித்தது என்பது தனித்து ஆராயத்தக்கதாகும். கொங்கு நாட்டு வறண்ட ஊர்களில் உடைமையின் உயிர்நிலை கிணற்று நீரே என்பதும், அரசின் ஏடுகள் நிலத்தை மட்டும் அளந்தமையால் நீரின் இழப்பு உடைமையின் இழப்பாகக் காணப்படவில்லை என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்துகளாகும்.

நிலத்தைக் குறிக்கும் சொற்கள்

முதற்கண் சொற்களை நோக்குவோம். பிற பகுதிகளில் 'காடு' என்பது மரஞ்செறிந்த வனத்தைக் குறிக்கும். கொங்கு வழக்கில் அது மழையை நம்பி விதைக்கும் மேட்டுநிலமாகும். 'தோட்டம்' என்பது பிறவிடங்களிற் பூவும் கனியும் தரும் சோலையைச் சுட்டக் கொங்கிலோ கிணற்றுப் பாசனம் உடைய விளைநிலத்தையே சுட்டுகிறது. ஆற்று நீரோ குளத்து நீரோ பாய்வது 'வயல்'. பொதுவாக நிலத்தைப் 'பூமி' என்றலும் இவ்வட்டார வழக்கேயாம். காடு, தோட்டம், வயல் என்னும் மூன்றும் நீர் வரும் வழியைக் கொண்டே வேறுபடுத்தப்பட்டன என்பது கருதத்தக்கது.

'காணி' என்னும் சொல் எண்பதில் ஒரு பங்கைக் குறிக்கும் பின்னமாகவும், நில அளவையாகவும், கல்வெட்டுகளில் வழிவழி உரிமையாகவும் ஆளப்பட்டது. கொங்கில் ஒவ்வொரு குலத்தாரும் தமக்குரிய ஊர்களிற் காணியாட்சி உடையோராய் விளங்கினர். இன்று அச்சொல் பெரும்பாலும் குலதெய்வக் கோயிலில் உள்ள உரிமையையே சுட்டி நிற்கிறது.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோவைப் பகுதி ஆங்கிலக் கும்பினியின் ஆட்சிக்குட்பட்டது. பின்னர் நிலைபெற்ற ரயத்துவாரி முறை உழவனுக்கு நேரே பட்டா வழங்கியது. பட்டாவில் நிலம் நஞ்சை, புஞ்சை என இரண்டாகவே பகுக்கப்படுகிறது. கிணற்றுத் தோட்டமும் வானம் பார்த்த காடும் புஞ்சை என்னும் ஒரே பெயருள் அடங்குகின்றன. ஊரார் பெரிதும் போற்றிய வேறுபாடு அரசின் ஏட்டில் மறைந்தது என்பது இதனாற் புலனாம்.

கிணறும் முறையும்

இப்பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவினதே. எனவே கடும்பாறையை உடைத்துக் கிணறு தோண்டுதல் ஒரு குடும்பத்தின் பெருமுதலீடாயிற்று. இரண்டு எருதுகள் சரிவான வாரியில் இறங்கி வடத்தை இழுக்க, சால் நீர் முகந்து மேலேறும். இதனைக் கவலை என்பர். 1904, 1905-ஆம் ஆண்டுகளிற் சென்னை மாகாணத்திற் புகுந்த கம்போடியாப் பருத்தி இத்தகைய தோட்டங்களில் நன்கு விளைந்தது. திருப்பூர் பருத்திச் சந்தையாய் வளர்ந்து, பின்னர்ப் பனியன் நகரமாய் மாறியதற்கு இக்கிணறுகளும் ஒரு காரணம் எனலாம்.

உடன்பிறந்தோர் பாகம் பிரியுங்கால் நிலத்தை வரப்பிட்டுப் பிரிக்கலாம். கிணற்றைப் பிரித்தல் இயலாது. ஆகவே காலத்தைப் பிரித்தனர். இன்ன நாள் இன்னாருக்கு என்பது 'முறை' எனப்பட்டது. நிலப் பத்திரங்கள் இதற்குச் சான்றாகும். பூமியின் பரப்பைக் கூறியபின், 'கிணற்றிற் பொதுவிற் பாதி பாகம்', 'வாய்க்கால் பாத்தியம்', 'வண்டித்தடப் பாத்தியம்' என எழுதுதல் மரபு. பழம் பத்திரங்களின் நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் முதலாய எண்வகைப் போகங்களுள்ளும் நீர் இடம்பெறுகிறது. பட்டா காணாத நீரைப் பத்திரம் கண்டது.

இந்தோனேசியாவின் பாலித் தீவினைப் பொருந்த நோக்கலாம். ஆங்குச் 'சுபாக்' என்னும் உழவர் சங்கம் கால்வாய் நீரைப் பங்கிடுகிறது. அதன் நிலக்காட்சியை 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அஃது ஊர் கூடிக் காக்கும் மேற்பரப்பு நீர். கொங்குக் கிணற்றின் முறையோ பங்காளிகளோடு முடிந்துவிடுகிறது. ஒரு கிணற்றையும் அடுத்த கிணற்றையும் இணைக்கும் நிலத்தடி நீருக்கு ஊரளவிற் காவல் அமையவில்லை.

உடைமை இல்லாதவர்

ஈண்டு ஒன்றை மறத்தல் ஆகாது. சாலுக்குரிய தோலைப் பதப்படுத்தித் தைத்தவரும், ஆண்டுக் கூலிக்குப் பண்ணையாளாய்க் கவலை ஓட்டியவரும் பெரும்பாலும் மாதாரி என வழங்கப்பெற்ற அருந்ததியர் ஆவர். நீரை மேலே கொணர்ந்த கைகளுக்குக் கிணற்றிற் பாகம் இல்லை. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் மின்விசை இறைவைகள் படிப்படியாகப் பரவின. தோற்சாலும் கவலையும் மறையவே, அவர்தம் பணியும் அதனோடு பிணைந்த தவசக் கூலியும் மறைந்தன. மின்கட்டணம் உழவர்க்கு எத்துணை இன்றியமையாததாயிற்று என்பதை, 1970-இல் பெருமாநல்லூரில் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் உழவர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தமை உணர்த்தும்.

நீர் கெட்ட காலம்

ஆழ்துளைக் கிணறுகள் பரவியபின் முறை தளர்ந்தது. ஒவ்வொரு பாகத்தாரும் தத்தம் நிலத்திலேயே துளையிட்டனர். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, வரையறுத்த வழியில் ஓடாத நிலத்தடி நீரை எடுக்கும் உரிமை நிலத்துக்கு உரியவனையே சார்ந்தது. சாய ஆலைகள் பெருகிய காலத்தில் தோட்டத்து நீர் லாரிகளில் ஏற்றி விற்கப்பட்டது. பயிருக்குரிய உடைமை நிலத்தினின்று பிரிந்து சரக்காயிற்று.

அதே ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரையும் நொய்யலையும் கெடுத்தது. 1992-இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. சூழல் இழப்பீட்டு ஆணையம், 2002 ஆகஸ்டு முதல் 2004 இறுதி வரையிலான காலத்திற்கு 28,596 உழவர்க்கு இழப்பீடு கணித்தது. கெடுத்தவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் கொள்கையை 2009-இல் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2011 சனவரியிற் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை முற்றும் மீட்டெடுக்கும் முறை அதன்பின் வலியுறுத்தப்பட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுள் ஒன்று வீரபாண்டியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இழப்பீட்டை நிலத்தின் பரப்பைக் கொண்டு கணிக்குங்கால், கிணற்றிற் கால் பாகம் உடையவனின் இழப்பு எங்ஙனம் அளக்கப்படும்? தோட்டக் கூலியை நம்பிய நிலமில்லாதார் இழப்பு எக்கணக்கில் ஏறும்? பெண்மக்களுக்குப் பிதிரார்ச்சிதச் சொத்தில் ஆண்மக்களோடொத்த உரிமையைத் தமிழ்நாடு 1989-இலும், நாடு முழுமைக்குமான திருத்தம் 2005-இலும் வழங்கின. அவ்வுரிமை கைவந்த காலமும் இப்பகுதியில் நீர் கெட்ட காலமும் ஏறத்தாழ ஒன்றாதலின், பலர்க்குத் தோட்டத்தின் பெயரே பங்காக வந்திருத்தல் கூடும் எனக் கருதுகிறோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன: கொங்குச் சிற்றூரின் நிலப்பெயர்கள் நீரை அடிப்படையாகக் கொண்டவை, பத்திரங்கள் அவ்வழக்கைப் போற்றின, வருவாய் ஏடுகள் அதனை விட்டொழித்தன. வீரபாண்டியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் தோட்டங்கள் மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறிவரும் இந்நாளில், பழம் பாகப்பிரிவினைப் பத்திரங்கள் பயனற்றவையெனக் கழிக்கப்படும் நிலையில் உள்ளன. அவற்றைத் திரட்டிக் கிணற்றுப் பாகம் பற்றிய சொற்களைத் தொகுத்தல் நம் ஆராய்ச்சி மாணவர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும். ஓர் ஊர் எதனை உடைமையெனக் கொண்டது என்பதை அறியாதார், அவ்வூர் எதனை இழந்தது என்பதை அளத்தல் அரிது.