வாய்க்கால் நீரை அளத்தல்

வவுனியாவின் வடபாகத்தில் தோன்றும் கனகராயன் ஆறு, மாங்குளப் பகுதியைக் கடந்து வடக்கே ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்புகின்றது. பெரும்போகத்தில் மழை துணைநிற்கும். சிறுபோகத்திலோ குளத்து நீரே கதி. அக்காலத்தில் தலைப்பக்கத்து வயல்கள் நிரம்ப, கடைக்கோடி வயல்கள் காய்வதுண்டு. எல்லோருக்கும் ஒரே நேரம் நீர் விட்டோம் என்பதால் வழக்குத் தீராது. ஒவ்வோரிடத்திலும் எவ்வளவு நீர் ஓடிற்று என்பதும் தெரிதல் வேண்டும்.

வழி எளிது. வாய்க்கால் நேராக ஓடுமிடத்தில் 20 மீற்றர் தூரத்தை அளந்து, மரத்துண்டொன்றை மிதக்கவிட வேண்டும். அது 40 செக்கனிற் கடந்தால், மேற்பரப்பின் வேகம் செக்கனுக்கு அரை மீற்றர். அடித்தரையும் கரைகளும் நீரைத் தடுப்பதால் சராசரி வேகம் அதனிலும் குறைவு, ஆகவே 0.85 ஆற் பெருக்குவது வழக்கம். நேர்ச்சுவருள்ள வாய்க்காலில் நீரின் அகலம் 2 மீற்றர், ஆழம் அரை மீற்றர் எனின், குறுக்குப் பரப்பு 1 சதுர மீற்றர். பரப்பை வேகத்தாற் பெருக்க, செக்கனுக்கு 425 லீற்றர் எனக் கிடைக்கும்.

கசிவு நீங்கலாக, ஒரு ஹெக்டேயர் வயலில் 5 சென்ரிமீற்றர் நீர் நிற்க இவ்வோட்டம் 20 நிமிடம் பாய்ந்தாற் போதும். கடைக்கோடியில் ஓட்டம் இதிற் பாதியாயின், அங்கே 40 நிமிடம் விடுவதே நேரிய பங்கீடாகும்.