20 கிலோ பிள்ளை, 160 கிலோ சுமை

மாணவர்களே, தமிழ்ப்பள்ளியில் படித்த எளிய எந்திரங்கள் பாடம் நினைவிருக்கிறதா? சிறிய விசையால் பெரிய பளுவை நகர்த்த நெம்புகோல் உதவும் என்று அப்போது படித்தோம். நம் முதுகெலும்பும் ஒரு நெம்புகோல்தான். ஆனால் குனிந்து ஒன்றைத் தூக்கும்போது அது நமக்கு எதிராக வேலை செய்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 வயதுப் பிள்ளை ஒன்றின் எடை 20 கிலோ. பெருமூளை வாதம் கடுமையாக இருப்பதால் அந்தப் பிள்ளையால் உட்காரவோ நிற்கவோ முடியாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் அம்மாதான் தூக்குகிறார். 20 கிலோ என்றால் ஏறத்தாழ 200 நியூட்டன் விசை. கட்டிலின் மேல் குனியும்போது பிள்ளையின் எடை அம்மாவின் முதுகெலும்பிலிருந்து 40 செண்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கும் முதுகுத் தசையோ எலும்பிலிருந்து சுமார் 5 செண்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. 200ஐ 40ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 1,600 நியூட்டன். அதாவது, 160 கிலோவைத் தூக்கும் விசை! அம்மாவின் மேலுடல் எடையை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

நோயாளிகளைக் கையால் தூக்கும் பணியாளர்களுக்கு 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோவே மேல்வரம்பாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் பரிந்துரைத்தார். 4 வயதுப் பிள்ளையே சராசரியாக அந்த எடையை எட்டிவிடும். மருத்துவமனைப் பணியாளருக்கு வேலை நேரம் முடிந்தால் ஓய்வு உண்டு. வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு வேலை நேரம் என்பதே இல்லை.

மூளை மாறாது, உடல் மாறும்

பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்திலோ மூளையில் ஏற்படும் பாதிப்புதான் பெருமூளை வாதத்துக்குக் காரணம். ஆயிரம் பிறப்புகளில் ஏறத்தாழ இருவருக்கு இது ஏற்படுகிறது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு பிறகு பரவுவதில்லை. ஆனால் பிள்ளை வளர்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்கு இறுக்கமான தசைகள் நீள்வதில்லை. அதனால் மூட்டுகள் மடங்கியபடியே இறுகிவிடலாம். இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல இடம் விலகவும் கூடும்.

இதைத் தடுக்கச் சரியான நிலையில் உட்கார வைப்பதும், கைகால்களை அசைத்துவிடுவதும் நாள்தோறும் நடக்க வேண்டும். உடலியக்க சிகிச்சையாளரை வாரம் ஒரு மணி நேரம் சந்திக்க முடிந்தாலும், வாரத்தின் மீதி 167 மணி நேரம் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. ஆகவே குடும்பத்துக்குச் செய்யும் உதவி பிள்ளைக்குச் செய்யும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அம்மாவின் முதுகு பழுதடைந்தால் பிள்ளையின் சிகிச்சையும் நின்றுவிடும்.

சுமையைப் பிரிக்கும் வழிகள்

1978இல் அல்மா அட்டா நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு, மறுவாழ்வுச் சேவையை மருத்துவமனையோடு நிறுத்தாமல் மக்கள் வாழும் இடத்துக்கே கொண்டு செல்லும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் முன்வைத்தது. மலேசியாவில் அது 1984இல் திரங்கானுவின் பத்து ராகிட்டில் சோதனைத் திட்டமாகத் தொடங்கியது. அதுதான் இன்று பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வுத் திட்டம். நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன. நிலையத்துக்குப் போக இயலாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே சென்று பயிற்சி தரும் முறையும் இத்திட்டத்தில் உண்டு. பிள்ளை நிலையத்தில் இருக்கும் சில மணி நேரத்தில் அம்மா தூங்கலாம், கடைக்குப் போகலாம், தன் முதுகுவலிக்கு மருந்து வாங்கலாம்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிக்கும் வசதி குறைந்த குடும்பங்களுக்குச் சமூகநல இலாகா உதவித்தொகை தருகிறது. 2021 வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 350 ரிங்கிட்டிலிருந்து 500 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. இப்படிப்பட்ட பல உதவிகளுக்கு ஓகேயூ அட்டைதான் நுழைவாயில். ஆனால் பதிவு தானாக நடந்துவிடாது. மருத்துவரின் உறுதிப்படுத்தலோடு குடும்பமே விண்ணப்பிக்க வேண்டும்.

கருவிகளும் உண்டு. நீரியல் தூக்கியில் கைப்பிடியை மெதுவாக அழுத்தினால் எண்ணெயின் அழுத்தம் பிள்ளையை உயர்த்தும்; நீங்கள் படிக்கும் பாஸ்கல் கோட்பாடுதான் அது. வழுக்குத் துணி உராய்வைக் குறைப்பதால், தூக்காமலே பிள்ளையைக் கட்டிலில் நகர்த்தலாம்.

உங்கள் வீட்டில் அப்படியொரு தம்பியோ தங்கையோ இருந்தால் தனியாகத் தூக்காதீர்கள். பெரியவரோடு சேர்ந்து இருவராகத் தூக்கினால் பளு பாதியாகும். பிள்ளையை உடலோடு அணைத்துத் தூரத்தை 40லிருந்து 20 செண்டிமீட்டராகக் குறைத்தாலும் முதுகின் சுமை பாதியாகும். இரண்டையும் செய்தால் 160 கிலோ 40 ஆகிவிடும். தூக்கும் முறையைச் சிகிச்சையாளரிடம் கேட்டுப் பழகுங்கள். பக்கத்து வீட்டில் இருந்தால், 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைத்து உதவி கேட்கலாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை இன்னும் இரண்டு, மூன்று கிலோ கூடியிருக்கும். அம்மாவின் முதுகுத் தசை அதே 5 செண்டிமீட்டரில்தான் இருக்கும்.