கடலில் விளைச்சலை முன்கூட்டி அறிதல்

வரப்பில் நின்று பயிரைப் பார்த்ததும், இவ்வாண்டு இத்தனை மூட்டை தேறும் என்று உழவர் கூறிவிடுவர். கடலடியில், பாறையிடுக்கில் பதுங்கி வாழும் சிங்கி இறாலை அவ்வாறு கணிக்க இயலுமா? இயலும் என்று காட்டியவர்கள் மேற்கு ஆஸ்திரேலிய மாநில மீன்துறையினர்.

அக்கரையில் வாழும் சிங்கியின் வளர்ச்சி விந்தையானது. முட்டையினின்று வெளிவரும் குஞ்சு கண்ணாடித் தகடு போன்றது. அது இந்துமாக்கடலில் நெடுந்தொலைவு அடித்துச் செல்லப்பட்டு, 9 முதல் 11 மாதம் வரை அலைகிறது. பின்னர் உருமாறிக் கரையை நோக்கி நீந்தி வந்து, ஆழமற்ற பாறைப் பகுதியில் குடியேறுகிறது. அதன்பின் பிடிக்கத்தக்க அளவை எட்ட மூன்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

கரை சேரும் குஞ்சுகளை எண்ணினால், நான்காண்டுக்குப் பின் வரும் விளைச்சல் இன்றே தெரியுமல்லவா? இதற்காக 1968 முதல், செயற்கை இழைகளைக் கடற்பாசி போல் கட்டி மிதக்க விட்டனர். டொங்காரா முதலிய இடங்களில் பௌர்ணமிதோறும் அவற்றை எடுத்து உதறி, ஒட்டியிருக்கும் குஞ்சுகளை எண்ணுகின்றனர். எளிய வேலைதான், ஆனால் விடாமல் செய்ததிலேயே அதன் பயன் இருந்தது.

2008-09 பருவத்தில் வந்த குஞ்சுகள், அதுவரை எண்ணிய நாற்பதாண்டுகளிலும் மிகக் குறைவு. மீனவரின் கூடுகளிலோ இறால் அப்போதும் வந்துகொண்டிருந்தது. கையில் கிடைப்பதை விட்டுவிடு என்றால் யார்தாம் இசைவர்? எனினும் அரசு அப்பொழுதே பிடிப்பை வெகுவாகக் குறைத்தது. படகுகள் பல தொழிலை விட்டன. முன்னாளில் ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் கிடைத்த இடத்தில், 2010-11-இல் 5,500 டன் என வரம்பு கட்டி, உரிமம் பெற்றவர்க்குப் பங்கிட்டனர். இறாலினம் பெருகிற்று. தமக்குரிய பங்கை நல்ல விலை வரும் நாள் பார்த்துப் பிடிக்கும் வசதியும் மீனவர்க்கு வாய்த்தது.

இதற்கு மறுதலையான காட்சியைப் பம்பாய்க் கடல் கண்டது. அங்கே 1978 முதல் இழுவலைகளில் மிகுதியாகக் கிடைத்த தட்டை இறால், முட்டை சுமந்த தாய்களோடு அள்ளப்பட்டு, 1994 அளவில் ஏறக்குறைய அற்றே போயிற்று. 2003-இல் இந்திய அரசு ஏற்றுமதிக்குக் குறைந்த அளவு எடையை விதித்தது: தட்டை இறாலுக்கு 150 கிராம், தமிழகக் கரையில் கிடைக்கும் சிங்கிக்கு 200 கிராம், பம்பாய், குஜராத்துக் கரைச் சிங்கிக்கு 300 கிராம். ஆனால் இவ்விதி துறைமுகத்து வாயிலில் எடையைத்தான் பார்க்கும். உள்ளூர்ச் சந்தைக்குச் செல்லும் சிறு இறாலை அது தடுப்பதில்லை.